பழைய காரின் நெளிவை வீட்டிலேயே எடுக்கலாமா? திருகோணமலைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, திரும்பத் தனியார் கார்களுக்கு வழி விட்டது 2025 தொடக்கத்தில்தான். அதற்குள் பழைய சன்னி, கொரோலா, லான்சர், மொரிஸ் மைனர் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதை விற்கிற எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். கார் நிற்கிறது, ஓடுகிறது, ஆனால் அடியும் படுகிறது. கந்தளாய் ரோட்டில் இரவில் மாடு, டவுனுக்குள் மான், பஸ் நிலையத்தடியில் ஓட்டோ, இது ஒன்றும் இல்லாவிட்டால் வீட்டு கேட் தூண். கராஜில் கேட்கிற காசைக் கேட்டுவிட்டு "நாமே செய்தால் என்ன" என்று வருகிறவர்கள் என்னிடம் கேட்டவைதான் கீழே இருப்பவை. எல்லாம் இரும்புத் தகட்டு உடம்புள்ள பழைய கார்களுக்குத்தான். என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன்: தகட்டு வேலையையும் துரு வேலையையும் வீட்டில் ஆறுதலாக, நன்றாகச் செய்யலாம், கடைசிப் பெயின்டை மட்டும் ஸ்ப்ரே செய்கிறவரிடம் விடுங்கள்.

எந்த அடியை வீட்டில் எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?

மட்கார்ட், பொனட், டிக்கி மூடி, கதவின் வெளித்தகடு, இவ்வளவும் வெறும் தோல். அதில் தப்பு விட்டாலும் அழகுதான் கெடும், ஆள் சாகமாட்டார். ஆனால் சஸ்பென்ஷன் பூட்டுகிற இடம், கதவு தொங்குகிற தூண், சீட் பெல்ட் பூட்டுகிற இடம், எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் நீளமாகப் போகிற பெட்டிக்கால், இவை நெளிந்திருந்தால் சுத்தியலைக் கீழே வையுங்கள். இந்தக் கார்களில் லொறி மாதிரித் தனிச் சேசி கிடையாது, மொரிஸ் மைனருக்குக்கூடக் கிடையாது, உடம்பேதான் சேசி.

எப்படித் தெரிந்துகொள்வது? கதவு இடைவெளியைப் பாருங்கள், மேலே ஒடுங்கிக் கீழே அகன்றால் அடி தோலோடு நிற்கவில்லை. கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறதா, பொனட் ஒரு பக்கம் ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நூலை எடுத்து, இடது பக்க சஸ்பென்ஷன் கோபுரத்தின் ஒரு போல்டிலிருந்து வலது முன் மூலைக்கும், வலது போல்டிலிருந்து இடது மூலைக்கும் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு நீளமும் ஒன்றாக வர வேண்டும். ஒரு விரல் அகலம் வித்தியாசம் வந்தால் காரைப் பூட்டி இழுத்து நேராக்குகிற மேசை உள்ள கராஜுக்குத்தான் போக வேண்டும், அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

அடிபட்ட அன்றைக்கே செய்ய வேண்டியது ஏதும் உண்டா?

உண்டு. முதலில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். முழுக் காப்புறுதி இருந்தால் அவர்கள் ஆள் வந்து பார்க்கும் வரைக்கும் ஒன்றையும் தட்டாதீர்கள். பழைய கார்களில் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தான் இருக்கும், அது உங்கள் காரின் நெளிவுக்கு ஒரு சதமும் தராது. மட்கார்ட் விளிம்பு டயரில் முட்டினால் அதை மட்டும் வெளியே இழுத்துவிடுங்கள்.

அப்புறம் பெயின்ட் வெடித்த இடத்தை நல்ல தண்ணீரால் கழுவி, காயவைத்து, வெறும் தகட்டில் கொஞ்சம் பிரைமரோ, அதுகூட இல்லாவிட்டால் கிறீஸோ பூசிவிடுங்கள். திருக்கடலூரிலோ உப்புவெளியிலோ வெறும் இரும்பை இரவு வெளியே விட்டால் விடியப் பார்க்கும்போது செம்மஞ்சளாகத்தான் இருக்கும். கழுவுகிற தண்ணீரையும் ஒருமுறை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரையோரக் கிணறுகள் சிலது உவர், உவர்த் தண்ணீரால் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம்.

கொதிநீர் ஊற்றினால் நெளிவு தானே வெளியே வருமாமே, வீடியோவில் காட்டுகிறார்கள்?

பிளாஸ்டிக் பஃபருக்கு (பம்பருக்கு) வரும். சூட்டில் இளகி உள்ளேயிருந்து தள்ளப் பழைய வடிவத்துக்குப் போகும், பிறகு குளிர்தண்ணீர் ஊற்றினால் அப்படியே நிற்கும். இரும்புத் தகட்டுக்கு நூறு பாகைச் சூடு ஒரு சூடே இல்லை, கால் வெந்ததுதான் மிச்சம். பழைய கார்களில் பலதுக்குப் பஃபரே இரும்பு, குரோம் பூசினது, அதில் ஊற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

ரப்பர் சக்கர் (உறிஞ்சிப் பிடிக்கிற கிண்ணம்) வைத்து இழுக்கலாமா?

அகலமான, ஆழமில்லாத, நடுவில் மடிப்பு விழாத பள்ளம் என்றால் முயலலாம். கதவின் நடுவில் ஆள் சாய்ந்து அமுங்கினது, பொனட்டில் தேங்காய் விழுந்து பரவலாக இறங்கினது, இப்படியானவை. தேங்காய் கூராக விழுந்து ஒரு மடிப்பு விட்டிருந்தால் சக்கர் எடுக்காது.

சரி, தகட்டை எப்படித்தான் எடுப்பது? முதல் அடி எங்கே?

எல்லாரும் பள்ளத்தின் நடுவில் உள்ளேயிருந்து ஓங்கி ஒன்று போடுகிறார்கள், அதோடு அந்தத் தகடு கெட்டது. நெளிவைப் பார்த்தால் அதற்குள் இரண்டு வகை இடம் இருக்கும். ஒன்று, உண்மையாகவே மடிந்த இடம், அந்தக் கூர்க்கோடு. அங்கே இரும்பு இறுகிப்போயிருக்கும், மடிந்தால் இரும்பு கடினமாகும். மற்றது, அந்த மடிப்பு பிடித்துவைத்திருப்பதால் மட்டும் உள்ளே போய் நிற்கிற தகடு. அதற்குத் தன் பழைய இடத்துக்குப் போக விருப்பம், போகவிடாமல் மடிப்பு தடுக்கிறது. ஆகவே மடிப்பை அவிழ்த்தால் மிச்சம் தானே வரும், சிலவேளை டப் என்ற சத்தத்தோடு கையளவு இடம் ஒரேயடியாக வெளியே வரும். கடைசியாக விழுந்த மடிப்பை முதலில் எடுக்க வேண்டும், முதலில் அடிபட்ட இடத்தைக் கடைசியில். பெரும்பாலும் அது ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போகிற வேலை.

கதவு என்றால் உள் மட்டையைக் கழற்றி, கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள், அல்லது கழற்றியே வையுங்கள். மட்கார்டைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், போல்டில்தான் பூட்டியிருக்கும், துருப்பிடித்த போல்டுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு வைத்தால் முறியாது. முதலில் சுத்தியல் வேண்டாம், ஒரு மரக்கட்டையை உள்ளே வைத்து நெம்புங்கள், தோளால் தள்ளுங்கள், பெரிய அளவு வேலை இப்படியே முடிந்துவிடும். பிறகுதான் சுத்தியலும் டொலியும்.

டொலி என்பது உள்ளே பிடிக்கிற கனமான இரும்புக் கட்டி. அதைப் பள்ளத்துக்கு நேர் உள்ளே அழுத்திப் பிடித்து, சுத்தியலால் பள்ளத்துக்குப் பக்கத்தில் மேடாக நிற்கிற இடத்தில் தட்ட வேண்டும். மேடு இறங்கும், டொலி பள்ளத்தை ஏற்றும். டொலிக்கு மேலேயே சுத்தியலைப் போட்டால் இடையில் தகடு நசுங்கி நீளும், அது கடைசிச் சமப்படுத்தலுக்கு மட்டும், அதுவும் மெல்லமாக. இந்தக் கார்களின் தகடு ஒரு மில்லிமீற்றருக்கும் கொஞ்சம் குறைந்த தடிப்புத்தான், அதை மறந்து கொல்லன் மாதிரி அடிக்கிறவர்கள் பலர். சுத்தியலை மணிக்கட்டால் போட வேண்டும், தோளால் போடக்கூடாது. சின்னச் சின்ன அடி, நிறைய அடி.

கண்ணை விடக் கையை நம்புங்கள். மெல்லிய துணியைத் தகட்டில் விரித்து உள்ளங்கையால் நீளமாகத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் தெரியும். தகட்டை நனைத்து ஒரு டியூப் லைட்டின் பிம்பம் அதில் எப்படி வளைகிறது என்று பார்ப்பதும் நல்லது.

டொலி, சுத்தியல் செட் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. பழைய டிங்கர்மார் (தகடு தட்டுகிறவர்கள்) கையில் இருப்பதில் பாதி அவர்கள் செய்துகொண்டதுதான். தண்டவாளத் துண்டு ஒன்றின் விளிம்பை வட்டமாகத் தேய்த்தால் டொலி, பெரிய சம்மட்டித் தலை இன்னொன்று. முகம் தட்டையாகவும் பளபளப்பாகவும் தேய்த்த சுத்தியல் ஒன்று கட்டாயம், ஆணி அடிக்கிற சுத்தியலின் வடுப்பட்ட முகத்தால் அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்னப் பள்ளம் புதிதாக வரும். மரச் சுத்தியல் ஒன்று, மணல் நிரப்பிய தடித்த சாக்குப் பை ஒன்று, கழற்றின தகட்டை மேலே வைத்துத் தட்ட. மகாவலி மணல் போடுங்கள், கடல் மணல் வேண்டாம், உப்பு.

தட்டி எடுத்துவிட்டேன், ஆனால் இப்போது தகடு அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் டொக்கென்று வெளியே வருகிறது. ஏன்?

கூட அடித்துவிட்டீர்கள் தம்பி. தகடு நீண்டுவிட்டது, இருக்கிற இடத்தை விட இரும்பு கூட, அதனால் எங்காவது பொங்கி நிற்கும். இன்னும் அடித்தால் இன்னும் நீளும். இதைச் சுருக்க வேண்டும்: காஸ் சுவாலையால் ஒரு ரூபாய் அளவு இடத்தை மட்டும் சிவக்கச் சூடாக்கி, டொலியைக் கீழே பிடித்து இரண்டு மூன்று மெல்லிய தட்டு, உடனே ஈரத் துணி. சூடான இடம் விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது, அதனால் அந்த இடம் தடிக்கும், ஆறும்போது சுற்றி இருப்பதை உள்ளே இழுக்கும். சொல்ல இலேசு, செய்ய அனுபவம் வேண்டும். இந்த ஒரு வேலைக்கு டிங்கர் ஒருவரைக் கூட்டிவாருங்கள், நின்று பாருங்கள், கற்றுக்கொள்வீர்கள். பின் மட்கார்ட் என்றால் பெற்றோல் டாங்க் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சுவாலையைப் பற்றவைக்கவே வேண்டாம். வெல்டிங் என்றால் பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

ஓட்டை போட்டு ஸ்க்ரூ மாட்டி வெளியே இழுக்கிறார்களே, அது சரியா?

உள்ளே கை போகாத பெட்டி மாதிரியான இடத்துக்கு வேறு வழி இல்லாதபோது. கராஜில் ஊசி ஒட்டி இழுக்கிற மெஷின் இருந்தால் ஓட்டையே தேவையில்லை. ஓட்டை போட்டால் ஒவ்வொன்றையும் வெல்டிங்கால் அடைக்க வேண்டும், அடைக்காமல் மேலே பட்டி (பள்ளம் நிரப்புகிற பசை) பூசினால் பின்னாலிருந்து ஈரம் ஏறி ஒரு மாரிக்குள் பட்டி கழன்று வரும். பழைய கார்களை வாங்கும்போது நான் முதலில் தேடுவது இந்த ஓட்டை வரிசையைத்தான்.

பட்டி எவ்வளவு பூசலாம்?

தகடு வேலை ஒழுங்காக இருந்தால் தேய்த்து முடிந்த பிறகு 2, 3 மில்லிமீற்றருக்குமேல் தேவைப்படாது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், பிடிக்கிறதா, இல்லையா. பிடிக்காவிட்டால் அங்கே காரில்லை, பட்டிதான் இருக்கிறது. பழைய கார் பார்க்கப் போகிறவர்களும் இதைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள், விற்கிறவர் கோபித்தாலும் பரவாயில்லை.

கராஜில் கட்டலோய் என்று கேட்டால் தருகிற இரண்டு பகுதிப் பட்டியைத்தான் சொல்கிறேன். பழைய பெயின்டை முழுக்க எடுத்து, 80 நம்பர் சாண்ட் பேப்பரால் வெறும் தகட்டைக் கீறி, தின்னர்த் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பூச வேண்டும். வழுவழுப்பான தகட்டில் பட்டி நிற்காது. கலவையில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் அளவு ஹார்ட்னர் (இறுகவைக்கிற பகுதி) போதும். கெதியாகக் காயட்டும் என்று கூடப் போட்டால் ஊசித் துளைகள் விழும், பிறகு பெயின்டுக்கு மேலே மஞ்சள் கறையாகவும் ஏறும். நம்மூர் வெயிலில் மத்தியானம் கலந்தால் பூசி முடிய முன்பே இறுகத் தொடங்கும், ஆகவே நிழலில், காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். இறுகத் தொடங்கியதைத் தின்னர் விட்டு இளக்காதீர்கள், வீசுங்கள்.

தேய்க்கும்போது கையால் பேப்பரைப் பிடிக்கக்கூடாது, விரல் பட்ட இடமெல்லாம் குழியும். நேரான மரக்கட்டையில் சுற்றி, குறுக்கும் மறுக்குமாகத் தேயுங்கள். 80இல் வடிவம், 180, 240 என்று போய், பிரைமருக்குப் பிறகு 400. பட்டியை மட்டும் தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள், அது தண்ணீரைக் குடிக்கும், குடித்ததை மேலே பிரைமர் பூசி மூடினால் பிறகு கொப்புளமாகத் தரும். தண்ணீர் போட்டுத் தேய்ப்பது பிரைமருக்கு மேலேதான்.

வேலை முடிந்து ஆறு மாதத்தில் அதே இடத்தில் துரு கொப்பளிக்கிறது. பெயின்ட் பிழையா?

பெயின்ட் மேல் குறை சொல்லுவார்கள், ஆனால் துரு வருவது உள்பக்கத்தால். இரும்பை உள்ளேயிருந்து அடிக்கும்போது உள்பக்கப் பெயின்டும் வெடித்து உதிர்ந்துவிடுகிறது. வெளியே கண்ணாடி மாதிரிப் பூசிவிட்டு உள்ளே வெறும் இரும்பைக் கடற்காற்றுக்கு விட்டால் அது என்ன செய்யும்? உள் வேலை வெளி வேலையைவிட முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், கேட்கிறவர்கள் குறைவு.

தட்டி முடிந்ததும் உள்பக்கத்தை வயர் பிரஷால் தேய்த்து, துரு இருந்தால் பொஸ்போரிக் அமிலம் உள்ள துரு மாற்றி பூசி, போத்தலில் சொன்னபடி நேரம் கொடுத்துக் கழுவி, காய்ந்ததும் இரண்டு பகுதி எபொக்சி பிரைமர் பூசுங்கள். தூரிகையால் பூசினாலும் போதும், யாரும் பார்க்கப்போவதில்லை. மட்கார்டின் அடிப்பக்கத்துக்கு அதற்குமேல் தார் கலந்த அண்டர்கோட். துருவுக்கு மேலே நேராகத் தார் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்த கணக்குத்தான். பழைய எஞ்சின் ஒயிலைக் கதவுக்குள் ஊற்றுகிற பழக்கமும் இங்கே இருக்கிறது. ரப்பர் பீடிங் ஊதிப்போகும், அந்த ஒயில் தோலுக்கும் கூடாது, வேண்டாம்.

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். நிலாவெளி மணலும் பழைய பட்டித் தூளும் சேர்ந்து அது அடைபட்டால் கதவு தொட்டியாகிவிடும். கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்தால் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள்.

பெயின்டையும் நானே அடிக்கிறேன் என்றால்?

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அடிப்பீர்கள் என்றும் தெரியும். ஆகவே மூன்று விஷயம்.

பழைய பெயின்ட் என்ன என்று பாருங்கள். தின்னர் நனைத்த துணியால் மறைவான ஓர் இடத்தைத் தேயுங்கள். நிறம் துணியில் வந்தால் என்சி (நைட்ரோசெலுலோஸ்) வகை, சுருங்கிக் கிளம்பினால் எனமல், ஒன்றுமே ஆகாவிட்டால் ஹார்ட்னர் போட்டது. எனமலுக்கு மேலே என்சி அடித்தால் தின்னர் கீழே இருப்பதைக் கிளப்பிவிடும், முழுப் பக்கமும் சுருக்கம் விழும்.

காலநிலை. நவம்பர் தொடக்கம் ஜனவரி வரைக்கும் வாடையும் மழையும், அப்போது என்சி அடித்தால் வெள்ளைப் புகை படிந்த மாதிரி மங்கிப்போகும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டைக் குளிரவைக்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது, அதுதான் காரணம். மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்தால் கொஞ்சம் தப்பலாம். மே தொடக்கம் கச்சான் காற்று, அப்போது ஈரம் குறைவு, ஆனால் ஊரில் உள்ள மண்ணெல்லாம் உங்கள் பொனட்டில். பெப்ரவரி தொடக்கம் ஏப்ரல் வரைக்கும், பனி காய்ந்த பிறகு, காற்றுக் கிளம்ப முன் உள்ள காலைநேரம்தான் நல்லது. என்சி சட்டென்று தீப்பிடிக்கிற சாமான், பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ இருக்கக்கூடாது.

மூன்றாவது, ஹார்ட்னர் கலக்கிற 2கே பெயின்டை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலைப் பிடித்தால் ஆஸ்துமா நிரந்தரமாக வரும், முகத்தில் கட்டுகிற சாதாரண மாஸ்க் ஒன்றும் செய்யாது. நன்றாக நீடிப்பதும் அந்தப் பெயின்ட்தான், அதனால்தான் அதைக் கராஜில் கொடுக்கச் சொல்கிறேன். பிரைமர் வரைக்கும் தேய்த்துக் கொடுத்தால் கூலியில் பெரிய பகுதி ஏற்கெனவே உங்களிடம் மிச்சம்.

தேய்க்கிற தூள் ஆபத்தா? பிள்ளைகள் முற்றத்தில்தான் விளையாடுகிறார்கள்.

ஐம்பது அறுபது வருடத்துக் கார் என்றால் அடிப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், சில கார்களில் மூட்டுகளையே ஈயத்தால் நிரப்பியிருப்பார்கள். பழைய பெயின்டை வோட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்து எடுங்கள், பட்டிக்கு மட்டும் உலர்ந்த தேய்ப்பு. நல்ல தூசி மாஸ்க் போடுங்கள், சேற்றைச் சாக்கில் வழித்து அகற்றுங்கள், கிணற்றடியில் கழுவாதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

தட்டுவதைவிடப் பழைய கதவு ஒன்றை வாங்கிப் பூட்டினால்?

தகடு கிழிந்திருந்தால், அல்லது அடி விளிம்பு துருவில் கரைந்திருந்தால் வாங்குவது நல்லது. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் சன்னி, கொரோலாவுக்குப் பெரும்பாலும் கிடைக்கும். வாங்க முன் காந்தத்தை வையுங்கள், அடி விளிம்பை விரலால் தட்டிப் பாருங்கள். மொரிஸ், ஒஸ்டின் என்றால் உங்கள் மூலத் தகட்டை விடாதீர்கள், கிடைக்கிற சாமான் அதைவிட மோசமாக இருக்கவும் கூடும்.

இதோடு நிறத்தையும் மாற்றிவிடலாமா?

மாற்றலாம், ஆனால் நிறம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் திருத்த வேண்டும். ஒரு மட்கார்ட் நெளிவுக்காக இந்த அலைச்சல் எதற்கு?

வேலை பாதியில், மாரி தொடங்கிவிட்டது. இப்போது என்ன செய்ய?

பட்டி பூசின இடம் வெளியே தெரிய விட்டுவைக்காதீர்கள். வெயில் எறிக்கிற ஒரு பகல் கிடைத்தால் தேய்த்து, துடைத்து, எபொக்சி பிரைமர் இரண்டு கோட் பூசிவிடுங்கள், சாதாரணச் சாம்பல் பிரைமர் ஈரத்தை உள்ளே விடும், அதை நம்ப முடியாது. அப்படியே ஜனவரி முடியும்வரை ஓடலாம், வடிவில்லாவிட்டாலும் கெடாது. தார்ப்பாயைக் காரோடு ஒட்டப் போர்த்த வேண்டாம், உள்ளே வேர்க்கும். நாலு கம்பு நட்டு மேலே உயர்த்திக் கட்டுங்கள், காற்று போகட்டும். பிறகு பெப்ரவரியில் பிரைமரை 400இல் திரும்பத் தேய்த்துவிட்டு ஸ்ப்ரே செய்கிறவரிடம் கொண்டுபோங்கள். தைப்பொங்கலுக்கு முன் வேண்டும் என்று அவரை நெருக்கினால் மழைக்குள் அடித்துத் தந்துவிடுவார், அப்புறம் மங்கிப்போச்சு என்று சண்டை பிடிக்க வேண்டிவரும்.